மெனோபாஸுக்குப் பிறகு ரத்தப்போக்கு: ஓ.பி.யிலேயே பார்க்கலாமா?

கேள்வி: எனக்கு 53 வயது. மாதவிடாய் நின்று இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் திடீரென்று நாலு நாள் ரத்தம் பட்டது. ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்சுவர் 9 மில்லிமீட்டர் தடித்திருக்கிறது, பாலிப்பாக (உள்ளே வளரும் சிறு சதை) இருக்கலாம் என்கிறார்கள். அட்மிஷன், மயக்க மருந்து எதுவும் வேண்டாம், ஓ.பி.யிலேயே ஹிஸ்டரோஸ்கோப்பி செய்துவிடலாம் என்கிறார் டாக்டர். என் நாத்தனாரோ, ‘இந்த வயசுல அது எதுக்கு, பேசாம கர்ப்பப்பையை எடுத்துடு’ என்கிறார். இரண்டு பிள்ளைகளும் சிசேரியன். வலிக்குமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: முதலில் பாருங்கள், எடுப்பதைப் பற்றி அப்புறம் பேசலாம். மாதவிடாய் நின்றபின் ரத்தம் பட்டால் ஒரு சொட்டாக இருந்தாலும் விடக்கூடாது. ஆனால் இப்படி வருகிறவர்களில் சுமார் 10 பேரில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் இருக்கிறது, மற்றவர்களுக்குப் பெரும்பாலும் பாலிப் அல்லது உள்சுவர் மெலிந்துபோனதுதான் காரணம். எது என்று தெரியாமலே கத்தி வைப்பதை என்னால் ஏற்க முடியாது. டி அண்ட் சி, அதாவது உள்சுவரைச் சுரண்டி எடுக்கும் முறையில், கண்ணால் பார்க்காமல் சுரண்டுவதால் பாலிப் தப்பிவிடலாம். ஹிஸ்டரோஸ்கோப்பியில் பெரும்பாலும் 5 மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமனுள்ள கேமராக் குழாயைப் பிறப்புறுப்பு வழியாக உள்ளே செலுத்தி, சலைன் விட்டுக் கர்ப்பப்பையை விரித்து, திரையில் நேராகப் பார்க்கிறார்கள். விரும்பினால் நீங்களும் பார்க்கலாம். பத்து, பதினைந்து நிமிட வேலை. பயாப்ஸிக்குச் சதை எடுப்பதும், பாலிப் சின்னதாக இருந்தால் அதை அகற்றுவதும் அப்போதே முடிந்துவிடும்.

வலியைப் பற்றி மழுப்பாமல் சொல்கிறேன். பலருக்கு மாதவிடாய் வலி மாதிரி அடிவயிற்றை இழுத்துப் பிடிக்கும், அவ்வளவுதான். சிலருக்குத் தாங்க முடியாத அளவுக்கும் வலிக்கிறது. சுகப்பிரசவம் ஆகாதவர்களுக்கும், மெனோபாஸ் தாண்டி கர்ப்பப்பை வாய் சுருங்கியவர்களுக்கும் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும், உங்களுக்கு இரண்டுமே பொருந்துவதால் டாக்டரிடம் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஸ்பெகுலம் (பிறப்புறுப்பை விரித்துப் பிடிக்கும் கருவி) போடாமலே செய்யும் முறை உண்டு, அது முடியுமா என்று கேளுங்கள். ஒரு மணி நேரம் முன்னால் போட வலி மாத்திரை கேட்டு வாங்குங்கள். நடுவில் ‘நிறுத்துங்க’ என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு, நிறுத்தியாக வேண்டும். அப்புறம் இன்னொரு நாள் மயக்க மருந்து கொடுத்துச் செய்துகொள்ளலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மயக்க மருந்து இல்லை என்றால் வெறும் வயிற்றோடு போகாதீர்கள், சிலருக்குத் தலைசுற்றல் வரும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். துணைக்கு ஒருவர் வரட்டும், நாத்தனாரையே கூட்டிப் போனாலும் சரி. பிறகு சில நாள் லேசாக ரத்தம் படலாம். காய்ச்சல், நாற்றமடிக்கும் வெள்ளை, கூடிக்கொண்டே போகும் வலி என்றால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பயாப்ஸி ரிப்போர்ட் கைக்கு வரும்வரை, யார் சொன்னாலும் கர்ப்பப்பையை எடுக்கத் தேதி குறிக்காதீர்கள்.