ரிமோட் டெஸ்க்டாப் கனெக்ட் ஆகவில்லை என்றால் எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

நீங்கள் கேட்டிருப்பது இது: ஆபீஸ் கணினியில் டேலி என்ற கணக்கு மென்பொருள் இருக்கிறது, வீட்டிலிருந்து விபிஎன் (இணையம் வழியே ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் போகும் பாதுகாப்பான வழி) போட்டு, ரிமோட் டெஸ்க்டாப் (ஒரு கணினியின் திரையை இன்னொன்றிலிருந்து இயக்கும் விண்டோஸ் வசதி) வழியாக அதைப் பார்ப்பீர்கள். போன வாரம் வரை வந்தது. இப்போது ‘ரிமோட் கணினியுடன் இணைய முடியவில்லை’ என்று மூன்று காரணங்களைக் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. வெளி இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலை அணைத்துப் பார்த்தீர்கள், ஆபீஸ் ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்யச் சொன்னீர்கள், விண்டோஸையே மறுபடி போட்டுவிடலாமா என்று யோசிக்கிறீர்கள்.

விண்டோஸைத் தொடாதீர்கள். ஃபயர்வாலை இப்போதே ஆன் செய்துவிடுங்கள். சின்ன அலுவலகங்களுக்கு சிஸ்டம், நெட்வொர்க் பார்த்துக் கொடுப்பது என் தொழில். ரிமோட் டெஸ்க்டாப் வராததற்காக விண்டோஸை மறுபடி போட்டுத் தீர்த்த கேஸ் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. அவசரத்தில் பத்து செட்டிங்கை மாற்றி, கடைசியில் எது உண்மையான கோளாறு என்றே தெரியாமல் போன கேஸ்கள்தான் நிறைய.

இந்த இணைப்பு படிப்படியாக நடக்கிறது. உங்கள் கணினி முதலில் சரியான முகவரிக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே ரிமோட் டெஸ்க்டாப்புக்கான வாசல், அதாவது 3389 என்ற போர்ட், திறந்திருக்க வேண்டும். அப்புறம் நீங்கள் யார் என்று அந்தக் கணினி கேட்டு ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் திரை வரும். எந்தப் படியில் நின்றது என்று தெரியும் வரை எதையும் மாற்ற வேண்டாம்.

அதைத் தெரிந்துகொள்ள ஒரு சுலபமான அடையாளம் இருக்கிறது. கனெக்ட் கொடுத்ததும் பாஸ்வேர்ட் கேட்கிறதா? கேட்டால், பெரும்பாலும் நெட்வொர்க் சரி, கோளாறு பயனர் கணக்குப் பக்கம். கேட்காமலே சில நொடி சுற்றிவிட்டு அந்த மூன்று காரணச் செய்தி வந்தால், நீங்கள் இன்னும் கணினியின் வாசலுக்கே போகவில்லை. ‘ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்ட் கேள்’ என்ற டிக் போட்டிருந்தால் மட்டும் இந்த அடையாளம் செல்லாது, ஏனென்றால் இணைவதற்கு முன்பே கேட்டுவிடும். சேமித்து வைத்த பாஸ்வேர்ட் இருந்தாலும் அப்படித்தான், கேட்கவே கேட்காது. இரண்டையும் எடுத்துவிட்டுப் பாருங்கள்.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது வாசலுக்குப் போகாத கேஸ். இங்கே எல்லோரும் முதலில் செய்வது பிங், அதாவது ஒரு முகவரிக்குச் சின்னச் செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்ப்பது. பிங் விஷயத்தில் ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்துக்காக நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும்.

மாதம் 20ஆம் தேதி, ஜிஎஸ்டி ரிட்டர்னுக்குக் கடைசி நாள். அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண் காலையிலேயே கூப்பிட்டார். “அண்ணா, விபிஎன் கனெக்ட் ஆயிருச்சுங்க. பிங் போட்டாலும் பதில் வருதுங்க. ரிமோட் மட்டும் வரமாட்டேங்குது” என்றார். ஆபீஸில் இருப்பவர்களோ, அந்த கணினி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, பக்கத்து மேசையிலிருந்து ரிமோட் போட்டால் வருகிறது என்றார்கள். பிங் விடையை அப்படியே போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். 192.168.1.10 என்ற முகவரியிலிருந்து பதில் வந்திருந்தது. நேரம் 3 மில்லிசெகண்ட். வரியின் கடைசியில் டிடிஎல் 64.

இரண்டுமே இடித்தன. அவர் வீடு பெருந்துறைப் பக்கம். பிராட்பேண்ட், விபிஎன் எல்லாம் தாண்டி ஆபீஸுக்குப் போய்த் திரும்ப அங்கே வழக்கமாக 25, 30 மில்லிசெகண்ட் ஆகும். டிடிஎல் என்பது அனுப்பும் கருவி, தான் அனுப்பும் தரவுத் துண்டில் (பாக்கெட்டில்) எழுதி விடும் ஒரு எண். வழியில் ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும். விண்டோஸ் 128இல் தொடங்கும், லினக்ஸும் ஆண்ட்ராய்டும் 64இல் தொடங்கும். ஆபீஸ் விண்டோஸ் கணினி பதில் சொல்லியிருந்தால் 127 அல்லது 126 வர வேண்டும். 64 அப்படியே வந்திருக்கிறது என்றால், பதில் சொன்னது விண்டோஸும் இல்லை, இடையில் ஒரு ரவுட்டரும் இல்லை.

“வீட்ல டிவி ஓடுதுங்களா?” என்று கேட்டேன். ஓடுகிறது என்றார். பிங்கைத் தொடர்ந்து ஓடவிட்டு டிவியின் பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன். பதில் நின்றுவிட்டது. இவ்வளவு நேரமும் ஆபீஸ் கணினிக்குப் பதிலாக ஹாலில் இருந்த ஆண்ட்ராய்டு டிவிதான் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

நடந்தது இதுதான். முந்தைய வாரம் அவர் வீட்டில் பிராட்பேண்ட் கம்பெனியை மாற்றியிருந்தார்கள். பழைய ரவுட்டர் 192.168.0 வரிசையில் முகவரி கொடுத்தது. புது ரவுட்டர் 192.168.1 வரிசையில் கொடுக்கிறது. ஆபீஸும் அதே 192.168.1 வரிசைதான். ஒரு முகவரி தன் வீட்டு நெட்வொர்க்கிலேயே இருக்கிறது என்று கணினி நினைத்துவிட்டால், அதைத் தேடி விபிஎன் பக்கம் போகாது. வீட்டு ரவுட்டரின் உள் முகவரியை 192.168.50 வரிசைக்கு மாற்றினோம், ஐந்து நிமிடத்தில் டேலி வந்தது. அந்த வார இறுதியில் ஆபீஸ் நெட்வொர்க்கையே 10இல் தொடங்கும் ஒரு வரிசைக்கு மாற்றிக் கொடுத்தேன். வீடுகளில் உள்ள ரவுட்டர்கள் பெரும்பாலும் 192.168.0 அல்லது 192.168.1இல்தான் வருகின்றன. விபிஎன் வைக்கும் அலுவலகம் இந்த இரண்டையும் தொடாமல் இருப்பது நல்லது.

இதனால்தான் பிங் வந்தால் நெட்வொர்க் சரி என்று யாராவது சொன்னால் நான் விடையின் எண்களைக் கேட்பேன். பிங் வராவிட்டாலும் கோளாறு என்று சொல்லிவிட முடியாது, பல விண்டோஸ் கணினிகளின் ஃபயர்வால் பிங்கை மட்டும் மறுத்துவிட்டு ரிமோட் டெஸ்க்டாப்பை விடும். பிங்கைவிட நம்பகமானது போர்ட்டையே சோதிப்பது. விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல்லைத் திறந்து, ஆங்கிலத்தில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் என்று தட்டி, இடம் விட்டு ஆபீஸ் கணினியின் ஐபி முகவரி, மறுபடி இடம் விட்டு ஹைபனுடன் போர்ட், அப்புறம் 3389 என்று கொடுங்கள். கடைசி வரியில் ட்ரூ வந்தால் அந்த முகவரியில் அந்தப் போர்ட் திறந்திருக்கிறது. ஃபால்ஸ் வந்தால் இல்லை. கணினியின் பெயரைக் கொடுக்காமல் ஐபி முகவரியைக் கொடுப்பது முக்கியம். ஐபியில் வந்து பெயரில் வராவிட்டால் கோளாறு, பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸில்தான்.

ஃபால்ஸ் வந்தால், ஆபீஸில் யாரையாவது பக்கத்துக் கணினியிலிருந்து இதே சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். அங்கே ட்ரூ என்றால் ஆபீஸ் கணினி பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது, விபிஎன்னையும் வழியையும் பாருங்கள். அங்கேயும் ஃபால்ஸ் என்றால் அந்தக் கணினியின் முன்னால் போய் உட்கார வேண்டும்.

உட்கார்ந்ததும் முதலில் பார்க்க வேண்டியது கணினி விழித்திருக்கிறதா என்பது. ஸ்லீப்பில் போன கணினி பதில் சொல்லாது. பவர் செட்டிங்கில் ஸ்லீப்பை ‘நெவர்’ ஆக்குங்கள். நம் ஊரில் மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் போகும், யுபிஎஸ் தீர்ந்து கணினி அணையும், கரண்ட் வந்த பிறகும் யாராவது பட்டனை அழுத்தும் வரை அப்படியே கிடக்கும். கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும்படி வைக்க பெரும்பாலான டெஸ்க்டாப்களின் பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அடிப்படை செட்டிங் திரையில்) ஒரு செட்டிங் இருக்கிறது. ரிமோட்டை நம்பி வேலை செய்கிறவர்கள் அதைக் கட்டாயம் போட்டு வைக்க வேண்டும்.

அடுத்து செட்டிங்ஸில் ரிமோட் டெஸ்க்டாப் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். புதுக் கணினி என்றால் விண்டோஸ் ஹோம் பதிப்பா என்றும் பார்க்க வேண்டும். ஹோம் பதிப்பிலிருந்து வெளியே இணையலாம், ஆனால் வெளியிலிருந்து அதற்குள் வர முடியாது. அதற்கு ப்ரோ, எண்டர்பிரைஸ் அல்லது எஜுகேஷன் வேண்டும். கடையில் லேப்டாப் வாங்கும்போது இதை யாரும் சொல்வதில்லை. ஹோமை ஏமாற்றி ரிமோட் வரவைக்கும் குறுக்குவழி மென்பொருள்களைப் போடாதீர்கள். அடுத்த விண்டோஸ் அப்டேட்டில் உடையும், உரிம விதிக்கும் அது எதிரானது. ப்ரோவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது எனிடெஸ்க் மாதிரி வேறு ஒன்றுக்குப் போங்கள்.

ஃபயர்வாலை மொத்தமாக அணைக்கத் தேவையே இல்லை. அதன் அனுமதிப் பட்டியலில் ரிமோட் டெஸ்க்டாப் என்ற வரிக்கு டிக் இருக்கிறதா, அது பிரைவேட் நெட்வொர்க்குக்கு மட்டும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ரவுட்டரை மாற்றினால் விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க்காகப் பார்க்கும், சத்தமில்லாமல் பப்ளிக், அதாவது நம்பாத நெட்வொர்க் வகையில் போட்டுவிடவும் கூடும். அப்போது பிரைவேட்டுக்கு மட்டும் கொடுத்த அனுமதி வேலை செய்யாது. ஆன்டிவைரஸ் தன் சொந்த ஃபயர்வாலுடன் வந்திருந்தால், விண்டோஸ் ஃபயர்வாலில் என்ன டிக் போட்டாலும் பயனில்லை, அதற்குள் போய்த்தான் அனுமதிக்க வேண்டும்.

இனி பாஸ்வேர்ட் கேட்ட பிறகு நிற்கும் கேஸ்கள். இங்கே நான் அதிகம் பார்ப்பது பின் நம்பர் குழப்பம். தினமும் காலையில் நாலு இலக்கப் பின் போட்டே உள்ளே போகிறவர், அதுதான் தன் பாஸ்வேர்ட் என்று மனதார நம்புவார். பின் அந்த ஒரு கணினியின் முன்னால் மட்டும் செல்லும், ரிமோட்டில் செல்லாது. மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் அந்தக் கணக்கின் உண்மையான பாஸ்வேர்ட் வேண்டும். பாஸ்வேர்டைச் சமீபத்தில் மாற்றியிருந்தால், ஆபீஸ் கணினியில் பின்னை விட்டுவிட்டுப் புதுப் பாஸ்வேர்டைக் கொண்டே ஒருமுறை நேரில் உள்நுழையுங்கள். அது வரை அந்தக் கணினிக்குப் பழையதுதான் தெரிந்திருக்கும். பாஸ்வேர்டே வைக்காத கணக்கையும் விண்டோஸ் ரிமோட்டில் விடாது. நல்ல ஏற்பாடு அது. அதை மாற்றாமல் ஒரு பாஸ்வேர்ட் வைத்துவிடுங்கள். அட்மின் அல்லாதவர் என்றால் ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ் குழுவில் பெயரைச் சேர்த்திருக்க வேண்டும். தவறான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்ப அடிக்கவும் வேண்டாம். 2022க்குப் பிறகு வந்த விண்டோஸ் 11ஐப் புதிதாக நிறுவிய கணினிகளில் 10 முறை தவறினால் கணக்கு 10 நிமிடம் பூட்டிக்கொள்ளும்.

‘கேட்ட செயல்பாடு ஆதரிக்கப்படவில்லை’ என்று, கிரெட்எஸ்எஸ்பி (உள்நுழைவைச் சரிபார்க்கும் பகுதி) என்ற பெயருடன் ஒரு பிழை வந்தால் அது 2018ஆம் ஆண்டுக் கதை. அந்த மார்ச்சில் ஒரு பாதுகாப்பு ஓட்டையை மைக்ரோசாஃப்ட் அடைத்தது. மே மாத அப்டேட்டிலிருந்து, அப்டேட் ஆன கணினி, அப்டேட் ஆகாத கணினியுடன் இணைய மறுக்கிறது. உங்கள் பக்கத்தில் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தும் ரெஜிஸ்ட்ரி வழியைப் பலர் சொல்வார்கள். ஓட்டையைத் திரும்பத் திறப்பது அது. அப்டேட் செய்ய வேண்டியது ஆபீஸ் பக்கத்துக் கணினியை.

விண்டோஸ் சர்வரில் பலர் வேலை செய்யும் இடங்களில், நன்றாக ஓடி நான்கு மாதம் கழித்து ஒரு நாள் லைசென்ஸ் சர்வர் இல்லை என்று நின்றால், 120 நாள் சலுகைக் காலம் முடிந்துவிட்டது என்று பொருள். லைசென்ஸ் வாங்குவதுதான் வழி.

இதையெல்லாம் பார்த்துச் சலித்து, யாராவது “விபிஎன்னே வேண்டாம், ரவுட்டரில் 3389ஐ நேராக வெளியே திறந்துவிடுங்கள்” என்று சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பல பிராட்பேண்ட் இணைப்புகளில் அது நடக்கவும் நடக்காது. ரவுட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் இருந்தால், அதைத் தாண்டிய பொது முகவரியைப் பல வீடுகளுடன் பகிர்ந்துகொள்கிறீர்கள், வெளியிலிருந்து நேராக உள்ளே வர வழியில்லை. நடக்கும் இடங்களில் இன்னும் மோசம். இணையம் முழுவதும் 3389 திறந்த கணினிகளைத் தேடி, பாஸ்வேர்ட் அடித்துப் பார்க்கும் நிரல்கள் இரவு பகலாக ஓடுகின்றன. 2019 மே மாதம் ப்ளூகீப் என்ற ஓட்டை வெளியானபோது, பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே வர முடியும் என்பதால், ஆதரவு நிறுத்திய விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் அப்டேட் கொடுத்தது. போர்ட் எண்ணை மட்டும் மாற்றி வைப்பதும் காப்பாற்றாது. ஒரு வருடக் கணக்கு மொத்தமும் பூட்டப்பட்டு, திறக்கப் பணம் கேட்டு ஒரு குறிப்பு மட்டும் திரையில் நின்ற கணினியின் முன்னால் நான் உட்கார்ந்திருக்கிறேன். பேக்கப் டிரைவும் அதே கணினியில் செருகியே இருந்ததால் அதுவும் போயிருந்தது. அந்த முதலாளியிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

சரி, உங்கள் கேஸுக்கு வருகிறேன். போன வாரம் வரை வந்தது, நீங்கள் எதையும் மாற்றவில்லை என்கிறீர்கள். என் சந்தேகம் ஆபீஸ் கணினியின் முகவரி மீது. ரவுட்டர் அணைந்து எழும்போது கணினிக்கு வேறு முகவரி கிடைத்திருக்கலாம், நீங்கள் இன்னும் பழையதைத்தான் அடித்துக்கொண்டிருக்கலாம். நாளை ஆபீஸில் யாரையாவது கமாண்ட் பிராம்ப்டில் ஐபிகான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் தட்டி, ஐபிவி4 வரியில் வரும் எண்ணை உங்களுக்குப் படிக்கச் சொல்லுங்கள். உங்களிடம் உள்ளதும் அதுவும் வேறு என்றால், ரவுட்டரின் டிஎச்சிபி (கணினிகளுக்கு முகவரி கொடுக்கும்) பக்கத்தில் அந்தக் கணினிக்கு ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கி வைத்துவிடுங்கள். இரண்டும் ஒன்றுதான் என்றால், வீட்டு லேப்டாப்பிலும் ஐபிகான்ஃபிக் போட்டு முதல் மூன்று எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். அப்புறம் அந்த முகவரிக்குப் பிங் போட்டு, டிடிஎல் எவ்வளவு என்று எனக்கு எழுதுங்கள்.