எதுக்கு டேக் போடணும், எதை விடணும்? லோரா கேள்வி பதில்

லோரா எண்டா படம் உண்டாக்கிற ஏஐ மாடலுக்கு உங்கட படங்களைக் காட்டிப் புதுசா ஒண்டைப் படிப்பிக்கிற சின்னக் கோப்பு. டேக் எண்டா ஒவ்வொரு படத்திலயும் என்ன இருக்கு எண்டு பக்கத்தில ஒரு கோப்பில எழுதுற சொற்கள். சொந்தமா லோரா ட்ரெயின் பண்ணுற கொழும்பு ஆக்கள் அனுப்பின கேள்விகள் இவை. பாதிக்கு மேல டேக் பற்றித்தான்.

அண்ணா, செட்டியார் தெருவில நகை டிசைன் செய்யிறன். 40 அட்டியல் படம் வச்சு எஸ்டிஎக்ஸ்எல் எண்ட பட மாடலுக்கு லோரா செய்தன். எந்த அட்டியல் கேட்டாலும் சிவப்பு வெல்வெட்டும் சேர்ந்தே வருது. ஏன்?

உங்கட டேக் கோப்பில 'அட்டியல், தங்கம், சிவப்புக்கல்' எண்டு மட்டும் இருக்கும். நீங்க பேர் சொல்லாத எல்லாத்தையும் மாடல் ட்ரிகர் சொல்லோட, அதாவது லோராவைக் கூப்பிட நீங்க எழுதுற சொல்லோட, ஒட்டிப்போடும். 40 படத்திலயும் வெல்வெட் இருந்தா, அதுவும் அட்டியலின்ர ஒரு பகுதி எண்டுதான் அது படிக்கும். மாற வேண்டியதுக்கு டேக் போடுங்க: வெல்வெட், கண்ணாடி மேசை, டியூப் லைட் வெளிச்சம், கழுத்து பொம்மை. மாறக்கூடாதது, அதாவது உங்கட கடைக்கே உரிய அந்தப் பதக்க வேலைப்பாடு, அதுக்கு டேக் வேண்டாம். அது ட்ரிகர் சொல்லுக்குள்ள போகட்டும்.

ஆனா எல்லாப் படமும் ஒரே துணியில எண்டா டேக் மட்டும் முழுசாக் காப்பாத்தாது. ஒரு பத்தையாவது வேற துணியில, பகல் வெளிச்சத்தில திரும்ப எடுங்க. மூலையில கடை லோகோவும் ஃபோன் நம்பரும் இருந்தா வெட்டி எறியுங்க, டேக் போட்டு மினக்கெட வேண்டாம்.

ட்ரிகர் சொல்லா 'நெக்லஸ்' எண்டே வைக்கலாமா?

வேண்டாம். அந்தச் சொல்லுக்கு மாடலிட்ட ஏற்கனவே ஆயிரம் படம் இருக்கு, அதோட மல்லுக்கட்ட வேண்டி வரும். அர்த்தமில்லாத ஒரு சொல்லை நீங்களே உண்டாக்கி, டேக் வரிசையில முதல்ல வையுங்க. லோரா ட்ரெயின் பண்ணுற கோயா மென்பொருளில டேக் வரிசையைக் கலைக்கிற ஷஃபிளை ஓன் பண்ணினா 'கீப் டோக்கன்ஸ்' 1 எண்டு குடுங்க. இல்லாட்டி அதுவும் கலைஞ்சு போகும்.

தமிழிலயே டேக் எழுதலாமா?

ஆசை எனக்கும் இருக்கு! ஆனா எஸ்டிஎக்ஸ்எல்லில எழுத்தை வாசிக்கிறது கிளிப் எண்ட பகுதி. அது சொற்களை டோக்கன் எண்ட சின்னத் துண்டுகளா உடைச்சுத்தான் வாசிக்கும். ஒரு தடவைக்கு 77 டோக்கன், தொடக்கமும் முடிவும் போக 75. ஒரு தமிழ் எழுத்தே பல டோக்கனா உடையும், இடமும் முடியும், விளங்கவும் மாட்டுது. ஆங்கிலத்திலயே போடுங்க.

படத்தைப் பார்த்துத் தானா டேக் எழுதுற டபிள்யூடி14 டேக்கரை நம்பலாமா? பெட்டாவில எடுத்த த்ரீவீலர் படங்கள் வச்சிருக்கிறன்.

தம்பி, அது டான்போரு எண்ட தளத்தின்ர அனிமே படங்களில படிச்சது. தன்ர பட்டியலில இருக்கிற பேரைத்தான் சொல்லும். ஓட விடுங்க, பிறகு ஒவ்வொரு கோப்பையும் கண்ணால பாருங்க. பின்னுக்கு சிவப்புப் பள்ளிவாசல் தெரிஞ்சா அதுக்கு டேக் கட்டாயம், இல்லாட்டி த்ரீவீலர் போற இடமெல்லாம் சிவப்பு வெள்ளைக் கோடு வரும்.

ஃபிளக்ஸ் எண்ட மற்றப் பட மாடலுக்கும் இதே கொமா போட்ட டேக்கா?

இல்லை. அதில எழுத்தை வாசிக்க டி5 எண்ட மொழி மாடல் இருக்கு, முழு வசனமா எழுதினா நல்லா விளங்கும்.

கல்யாண ஃபோட்டோகிராஃபர் நான். மணப்பெண்களின்ர படங்களைப் பாவிக்கலாமா?

எழுத்தில அனுமதி வாங்காம தொடாதீங்க. ஆளை அடையாளம் காட்டுற படம் தனிப்பட்ட தரவு, இலங்கையின்ர தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் (2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம்) அதைப் பற்றியதுதான்.

எல்லாத்தையும் சரியா டேக் பண்ணியும் ஒண்டும் மாறேல்ல. என்ன பிழை?

கோயா ஸ்கிரிப்டை நேரா ஓட்டினா அது இயல்பா '.கேப்ஷன்' கோப்பைத்தான் தேடும். நீங்க '.டிஎக்ஸ்டி'யில சேமிச்சிருப்பீங்க. கோப்பு கிடைக்காட்டி ஃபோல்டர் பேரையே டேக்கா எடுத்துக்கொண்டு ட்ரெயினிங்கை முடிச்சுப்போடும். கேப்ஷன் எக்ஸ்டென்ஷன் எண்ட செட்டிங்கை '.டிஎக்ஸ்டி' எண்டு மாத்திப்போட்டு திரும்ப ஓட்டுங்க.