வீட்டுக்கே ஒரு கணினி; லினக்ஸுக்கு மாறினால் தம்பி கேம் விளையாட முடியுமா?

முடியும், ஆனால் எந்த கேம் என்பதுதான் கேள்வி. தம்பி விளையாடுவதை எல்லாம் முதலில் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்.

குலசேகரத்தில் எங்கள் வீட்டிலும் நாலு பேருக்கு ஒரே கணினி. 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. பழைய கணினியில் 11 ஏறவில்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் போட்டோம். அப்பா ரப்பர் கணக்கை லிப்ரே ஆபீஸில் எழுதுகிறார், அம்மா தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டுகிறார். ஆளுக்கொரு பயனர் கணக்கு கண்டிப்பாக வேண்டும்.

கேம் வாங்கி விளையாடும் ஸ்டீம் செயலிக்குள்ளேயே, விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் இருக்கிறது. வால்வ் நிறுவனம் 2018-ல் கொண்டுவந்தது. படம் வரைய விண்டோஸ் கேம் அனுப்பும் டைரக்ட்எக்ஸ் கட்டளைகளை அது லினக்ஸில் ஓடும் வல்கன் கட்டளைகளாக மாற்றிக் கொடுக்கும். எந்த கேம் எப்படி ஓடுகிறது என்று புரோட்டான்டிபி தளத்தில் பாருங்கள். வாலரன்ட், ஃபோர்ட்நைட் ஓடாது; விளையாட்டில் ஏமாற்றுவோரைத் தடுக்க அவற்றில் உள்ள மென்பொருள் லினக்ஸை ஏற்பதில்லை. அவை இல்லாமல் முடியாது என்றால் விண்டோஸை அழிக்காமல் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்; ஆதரவு முடிந்த விண்டோஸ் 10 என்றால் வங்கி வேலை மட்டும் அதில் வேண்டாம்.

நாங்கள் மாட்டிக்கொண்ட இடம் வேறு. கேம்களைப் பழைய டி டிரைவிலேயே விட்டிருந்தோம். 'பிளே' அழுத்தினால் பொத்தான் ஒரு நொடி நீலமாகி மறுபடி பச்சையாகிவிடும், அவ்வளவுதான். அது விண்டோஸின் என்டிஎஃப்எஸ் என்ற கோப்பு முறையில் அமைந்த டிரைவ். புரோட்டான் முக்காற்புள்ளி (:) வரும் பெயர்களில் இணைப்புகளை உருவாக்கும். அந்த டிரைவில் அது சிக்கலாகிறது. லினக்ஸின் கோப்பு முறையான இஎக்ஸ்டி4-ல் அமைந்த பகுதிக்கு கேம்களை மாற்றியதும் எல்லாம் ஓடின.

அப்புறம், குடும்பப் படங்களை வெளி டிரைவில் நகலெடுத்த பிறகே நிறுவலைத் தொடங்குங்கள்.