நாலே முக்காலா, ஐந்துக்குக் காலா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகள் 4.45 மணியை ‘குவார்ட்டர் டு ஃபோர்’ என்றே எழுதுகிறாள். எத்தனை முறை திருத்தினாலும் மறுபடி அதேதான். எப்படிப் புரியவைப்பது?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: கடிகாரத்தைச் சரியாகத்தான் பார்க்கிறாள். தமிழில் எண்ணி ஆங்கிலத்தில் எழுதுவதால் வரும் தடுமாற்றம் இது. நாலே முக்கால் என்னும்போது, முடிந்துபோன நாலின் மேல் முக்காலைக் கூட்டுகிறோம். ஆங்கிலத்திலோ அரை மணி தாண்டியதும் அடுத்த மணிதான் கணக்கு. ஐந்துக்கு இன்னும் கால் மணி பாக்கி. ஆகவே ‘குவார்ட்டர் டு ஃபைவ்’.

பெரிய முள் 6-ஐத் தாண்டும்வரை ‘பாஸ்ட்’. தாண்டிவிட்டால் நிமிடத்தை 60-லிருந்து கழித்து, மீதியோடு ‘டு’ சேர்த்து அடுத்த மணியைச் சொல்லச் சொல்லுங்கள். 4.40 என்றால் மீதி 20: ‘ட்வென்டி டு ஃபைவ்’. சந்தேகம் வந்தால் சின்ன முள்ளைப் பார்க்கட்டும், 4.45-க்கு அது ஐந்தை ஒட்டித்தான் நிற்கும். ‘ஹாஃப் டு’ என்று ஒன்று கிடையவே கிடையாது.

‘டென் பாஸ்ட் ஃபோர்’ என ஐந்தின் மடங்குகளுக்கு ‘மினிட்ஸ்’ தேவையில்லை. மற்றவற்றுக்கு வேண்டும்: ‘த்ரீ மினிட்ஸ் பாஸ்ட் ஃபோர்’. ‘ஓ கிளாக்’ முழு மணிக்கு மட்டும்தான். ‘ஃபோர் தர்ட்டி ஓ கிளாக்’ நம் ஊரில் தாராளமாகப் புழங்குகிறது. பரீட்சையில் மதிப்பெண் போகும்.

கேள்வி: லண்டனில் இருக்கும் அண்ணன் ‘ஹாஃப் ஃபைவ்’-க்கு போன் பண்ணு என்கிறார். அது 4.30-ஆ, 5.30-ஆ? நான் ஜெர்மன் படிப்பதால் குழப்பமாக இருக்கிறது.
– வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: 5.30. பிரிட்டனில் பேச்சில் ‘பாஸ்ட்’ உதிர்ந்துவிடும். ஜெர்மனில் ‘ஹால்ப் ஃபுன்ஃப்’ என்றால் ஐந்தை நோக்கிப் பாதி வந்தாயிற்று, அதாவது 4.30. ஒரே அரை, ஒரு மணி நேர வித்தியாசம்! ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறவர்கள் டியூட்டி நேரத்தை எண்ணில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. உங்கள் ஊர் பிரெஞ்சுக்காரர்கள் அரை மணிக்கு நம்மைப் போலக் கூட்டுவார்கள், 4.45-ஐயோ ‘ஐந்து மணி, கழித்தல் கால்’ என்பார்கள். அமெரிக்கர் ‘குவார்ட்டர் ஆஃப் ஃபைவ்’ என்றாலும் 4.45-தான்.

கேள்வி: விடுதி வரவேற்பில் வேலை. ‘இன் டென் மினிட்ஸ்’, ‘விதின் டென் மினிட்ஸ்’ இரண்டும் ஒன்றா?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: இல்லை. ‘இன்’ என்றால் ஏறக்குறைய பத்தாவது நிமிடத்தில். ‘விதின்’ என்றால் பத்து நிமிடம் முடிவதற்குள், அது கெடு. ஆட்டோ எப்போது வருமென்று உறுதியாகத் தெரியாதபோது ‘விதின்’ சொல்லாதீர்கள். ‘ஐ வில் கம் ஆஃப்டர் டென் மினிட்ஸ்’ நம் வழக்கு. வெளிநாட்டவர் அதைப் பத்து நிமிடத்துக்குப் பிறகு எப்போதோ என்று எடுத்துக்கொள்ளலாம்.

‘ஜஸ்ட் எ மினிட்’, ‘ஜஸ்ட் எ செகண்ட்’ இரண்டும் அளவல்ல, பொறுங்கள் என்பதுதான். வெறும் ‘ஒன் மினிட்’ அதட்டலாகக் கேட்கும்; ‘ஒன் மொமன்ட், ப்ளீஸ்’ பழகுங்கள். ‘மொமன்டரிலி’யைத் தவிர்த்துவிடலாம்: அமெரிக்கருக்கு ‘இதோ, சற்றில்’, பிரிட்டிஷாருக்கு ‘கணநேரம் மட்டும்’.

கேள்வி: ரயில் டிக்கெட்டில் 15-ம் தேதி, 00.20 என்றிருக்கிறது. எந்த இரவு?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: 14-ம் தேதி இரவே ஸ்டேஷனில் இருங்கள். நள்ளிரவு 12 தாண்டியதுமே 15 பிறந்துவிடுகிறது.