ஜேட் மணி மட்டும் ஏன் மங்குகிறது?

பாளையங்கோட்டையில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "என் மதினி சிங்கப்பூரில் இருந்து வரும்போது ஒரு பிரேஸ்லெட் வாங்கி வந்தார்கள். கையால் கோத்தது. ஜேட் ஒன்று, அகேட் ஒன்று என்று மாற்றி மாற்றி மொத்தம் 22 மணி. எல்லாம் 8 மில்லிமீட்டர். மூன்று வருஷமாகத் தினமும் போடுகிறேன். அகேட் இன்னும் புதுசு போலவே இருக்கிறது, பச்சை ஜேட் மட்டும் மங்கிவிட்டது. எலாஸ்டிக்கும் தொய்ந்துவிட்டது. டவுனில் ஒரு கடையில் காட்டினேன். கண்ணாடி, தூக்கிப் போடுங்கள் என்றார்கள். மதினி ஏமாந்துவிட்டார்களா? மறுபடி எதில் கோப்பது?"

தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மங்கியதை மட்டும் வைத்துப் போலி என்று முடிவு கட்ட முடியாது. அசல் ஜேட்டே அகேட்டின் பக்கத்தில் இருந்தால் இப்படி மங்கும்.

ஜேட் என்ற ஒரே பெயரில் இரண்டு கற்கள் இருக்கின்றன: ஜேடைட், நெஃப்ரைட். இரண்டும் வேறு வேறு என்று 1863-இல் பிரெஞ்சு வேதியியலாளர் தமூர் பிரித்துக் காட்டினார். கல் எவ்வளவு எளிதில் கீறும் என்று காட்டும் மோஸ் கடினத்தன்மை அளவில் (எண் கூடக் கூடக் கீறுவது கடினம்) ஜேடைட் 6.5 முதல் 7 வரை, நெஃப்ரைட் 6 முதல் 6.5 வரை. அகேட் 6.5 முதல் 7. நெஃப்ரைட்டை உடைப்பது மிகவும் கடினம். பத்தமடைப் பாய் போல உள்ளுக்குள் மெல்லிய இழைகளாகப் பின்னிக்கிடக்கும் கல் அது. ஆனால் உடையாத கல் கீறாமலும் இருக்கும் என்று சொல்ல முடியாது. பக்கத்தில் இருக்கும் அகேட் மூன்று வருஷம் தினமும் உரசினால் மெருகு தேயத்தான் செய்யும். ஆடிக் காற்றில் வந்து படியும் புழுதியும் அதே வேலையைச் செய்கிறது. தேரிக்காட்டுச் செம்மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ் என்ற கடினமான கனிமம்தான், அகேட்டும் குவார்ட்ஸ் குடும்பம்தான்.

அதனால் முதலில் மங்கல் எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மணியைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் காட்டுங்கள். துளையைச் சுற்றி, பக்கத்து மணி தொடும் இடத்தில் மட்டும் மங்கியிருந்தால் அது உரசல். மணி முழுக்க மங்கலாக இருந்தால் மேலே பூசிய மெழுகு போயிருக்கலாம், அல்லது பிசின் ஏற்றிய கல்லாக இருக்கலாம். நிறமே வெளுத்திருந்தால் சாயம் என்று சந்தேகப்படலாம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால், சாயம் ஏற்றிய கல்லில் பச்சை நிறம் விரிசல்களில் சிலந்திவலை போலத் தேங்கி நிற்பது தெரியும்.

அப்புறம் எடை பாருங்கள். உங்கள் பிரேஸ்லெட்டில் இரண்டு கல்லும் ஒரே அளவில், சமமாகப் பதினொன்று பதினொன்றாக இருப்பது நல்ல வசதி. எப்படியும் எலாஸ்டிக்கை வெட்டத்தான் போகிறீர்கள். மணிகளைப் பிரித்து, நகைக்கடைத் தராசில் தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள். பதினொரு அகேட் மணி ஏறக்குறைய 7.5 கிராம் வரும். பச்சை மணிகள் நெஃப்ரைட்டாக இருந்தால் சுமார் 8.5 கிராம், ஜேடைட்டாக இருந்தால் சுமார் 9.5 கிராம். இரண்டு குவியலும் ஒரே எடை காட்டினால் பச்சை ஜேட் இல்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. 8 மில்லிமீட்டர் என்று விற்கும் மணி 8.3 ஆக இருந்தாலே எடை பத்து சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். அதனால் தண்ணீரிலும் பார்ப்பது நல்லது. பச்சை மணிகளின் எடையைக் குறித்துக்கொண்டு, தராசில் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்து அளவைப் பூஜ்யமாக்குங்கள். மணிகளை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். துளையில் காற்றுக் குமிழி நிற்காமல் இருக்கத் தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விடலாம். இப்போது தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். நெஃப்ரைட் 2.95-ஐ ஒட்டி வரும், ஜேடைட் 3.3-ஐ ஒட்டி வரும். 2.5 அல்லது 2.6 வந்தால் வேறு சரக்கு. கடைகளில் 'இந்தியன் ஜேட்' என்று விற்கும் அவென்சுரினும், 'மலேசியன் ஜேட்' என்று விற்கும் சாயமேற்றிய குவார்ட்ஸும் இந்த அடர்த்திதான். ஆனால் அவை அகேட்டுக்குச் சமமான கடினம் உள்ளவை, இவ்வளவு சுலபமாக மங்காது. ஆகவே மங்கவும் செய்து, 2.6-உம் காட்டினால் செர்பென்டைன் என்ற மென்மையான பச்சைக் கல் அல்லது கண்ணாடி என்று நினைக்கலாம். கண்ணாடி என்றால் லென்ஸில் பெரும்பாலும் உருண்டைக் குமிழிகள் தெரியும்.

மணியில் தலைமுடியைச் சுற்றி நெருப்பு வைத்துப் பார்க்கச் சிலர் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். எந்தக் கல்லும் சூட்டை உறிஞ்சி முடியைக் காப்பாற்றும், அதனால் ஒன்றும் தெரியாது. மேலே இருக்கும் மெழுகும் பிசினும் மட்டும் கெட்டுப்போகும். பிசின் ஏற்றிய ஜேடைட்டை உறுதியாகக் கண்டுபிடிக்க அகச்சிவப்புக் கதிர்ச் சோதனை வேண்டும். அதற்கு ரத்தினக்கல் ஆய்வுக்கூடம்தான் போகணும். நெஃப்ரைட் என்று வந்தால் அந்தச் செலவு தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

சரி, எதில் கோப்பது? மறுபடி எலாஸ்டிக் வேண்டாம். நம் ஊர் வெயில், வியர்வை, தேங்காய் எண்ணெய் எல்லாம் சேர்ந்து அதைத் தளர்த்திவிடும். தங்கூசியும் வேண்டாம். அதில் முடிச்சு இறுகி நிற்காது, நழுவிவிடும். முத்துக் கோக்கும் பட்டு நூலோ நைலான் நூலோ வாங்கி, ஒவ்வொரு மணிக்கும் நடுவில் ஒரு முடிச்சுப் போட்டுக் கோக்கச் சொல்லுங்கள். கொற்கை முத்துக்குப் பேர்போன சீமை நம்முடையது. முத்துச்சரம் கோப்பவர்களுக்கு இது பழகிய வேலை. முடிச்சு இருந்தால் கல்லும் கல்லும் தொடாது, ஜேட் மேலும் தேயாது. நூல் அறுந்தாலும் ஒரு மணிதான் உருளும். முடிச்சு துளைக்குள் நழுவுகிறது என்றால் நூல் மெலிது, ஒரு அளவு தடிப்பாக வாங்கணும்.

இந்த நூல் நீளாது, அதனால் கொக்கி வைக்க வேண்டும். நீளம் மணிக்கட்டுச் சுற்றளவைவிட இரண்டரை சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கட்டும். மணிக்கும் தடிமன் இருப்பதால் உள்வட்டம் சுருங்கும். முடிச்சுகளும் இடம் எடுக்கும். மணிக்கட்டு 16 சென்டிமீட்டர் என்றால் 19 மணிக்குமேல் பிடிக்காது. மிச்சம் மூன்றைப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

தேய்ந்த மணிகளுக்கு மறுபடி மெருகு போட நான் சொல்ல மாட்டேன். தேய்மானம் துளைப் பக்கம் மட்டும் என்றால் முடிச்சே அதை மறைத்துவிடும். மேல்பக்கம் கொஞ்சம் தேன்மெழுகு தடவி, பருத்தித் துணியால் அழுத்தித் துடைத்தால் பெருமளவு பளபளப்பு திரும்பும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளிலும் மஞ்சள் பூசும்போதும் கழற்றி வைத்துவிடுங்கள். அகேட்டில் நுண்துளைகள் உண்டு, வெள்ளைப் பட்டைகளில் மஞ்சள் ஏறினால் போகாது. குறுக்குத்துறையில் முங்கும்போதும் குற்றால அருவியில் நிற்கும்போதும் கையில் வேண்டாம். அருவி அடிக்கிற அடியில் கல் தாங்கினாலும் நூல் தாங்காது.