வார்ப் ரெக்கார்ட்ஸ்: எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

1992இல் வந்த 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' தொகுப்பைக் கேட்டுவிட்டு, வார்ப்பை ஏன் நடன இசை நிறுவனம் என்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். அது வீட்டில் உட்கார்ந்து கேட்கவே வெளியிட்ட தொகுப்பு நண்பரே. அட்டையிலேயே ரோபோ நாற்காலியில் சாய்ந்து கிடக்கிறது. நீங்கள் 1989-க்குப் போங்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் வார்ப் தொடங்கிய காலத்துப் பன்னிரண்டு அங்குல இசைத்தட்டுகளைக் கேளுங்கள். அவற்றை வெளியிட்ட கலைஞர்கள்: ஃபோர்ஜ்மாஸ்டர்ஸ், நைட்மேர்ஸ் ஆன் வேக்ஸ், ஸ்வீட் எக்ஸார்சிஸ்ட், அப்புறம் எல்எஃப்ஓ. மேலே மெல்லிய 'ப்ளீப்' சத்தம், அடியில் நெஞ்சை அதிரவைக்கும் பேஸ், அதாவது தாழ்ந்த கனமான ஒலி. அந்த பேஸ்தான் இந்த இசையின் உயிர். ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டால் பாதி காணாமல் போய்விடும், தயவுசெய்து நல்ல ஹெட்ஃபோனாவது போட்டுக்கொள்ளுங்கள். எல்எஃப்ஓவின் முதல் சிங்கிள் 1990இல் பிரிட்டன் தரவரிசையில் 12ஆம் இடம்வரை ஏறியது. அவர்களின் 1991 ஆல்பமான 'ஃப்ரீக்வென்சீஸ்' மட்டும் துண்டு துண்டாக வேண்டாம், ஒரே மூச்சில் கேளுங்கள். என்னைக் கேட்டால் வார்ப் வெளியிட்டதில் அதற்குத்தான் முதலிடம்.