வீட்டு முகப்பில் உள்ள அலங்காரப் பனைகளை எப்படிக் கழிப்பது, எப்படி அகற்றுவது?

ராயல் பாம், பாக்ஸ்டெயில் போன்ற அலங்காரப் பனைகளின் ஓலைகளை ஆண்டுதோறும் ஒட்டக் கழித்துவிட வேண்டுமா என்றும், மாடியைத் தாண்டிவிட்ட ஒரு மரத்தின் உச்சியை மட்டும் வெட்டிக் குட்டையாக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: முடியாது.

வேம்பையும் புங்கையும் எங்கே வெட்டினாலும் பக்கத்தில் துளிர்த்துவிடும். ஒற்றைத் தண்டுப் பனைகளுக்கோ உச்சிக் குருத்து ஒன்றுதான் உயிர். அது போனால் மரம் போயிற்று. தண்டில் ஏற்படும் காயமும் பிற மரங்களில் பட்டை மூடிக்கொள்வதைப் போல மூடுவதில்லை. ஆகவே ஆணி அடிப்பதும், விளக்குச் சரத்தைக் கம்பியால் இறுக்குவதும், இரும்பு முள் பதித்த காலணியுடன் ஏறுவதும் அந்த மரத்தின் ஆயுள் முழுவதற்கும் நிற்கும் புண்கள். ஏறுவதற்கு ஏணியோ, மரமேறிகள் காலில் மாட்டும் தளைநாரோ போதும்.

கோயம்புத்தூரில் எங்கள் குடியிருப்பின் தோட்டத்தை 14 ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். தொடக்கத்தில் ஒவ்வொரு பொங்கலுக்கு முன்பும் ஆறு ராயல் பாம்களிலும் நடுவே மூன்று, நான்கு பச்சை மட்டைகளை மட்டும் விட்டுவிட்டு மற்ற அனைத்தையும் வெட்டச் செய்தோம். பார்வைக்குத் துப்புரவாக இருந்ததால் நானும் அதற்கு உடன்பட்டேன். சில ஆண்டுகளில் தண்டின் மேற்பகுதி பென்சில் முனை போல ஒடுங்கத் தொடங்கியது, ஏனெனில் மரத்துக்கு உணவு தயாரித்துக் கொடுக்கும் ஓலைகளையே நாங்கள் எடுத்துக்கொண்டிருந்தோம். அவற்றுள் ஒரு மரத்தில், பச்சை வெட்டிலிருந்து கசியும் சாற்றின் வாசனைக்கு வரும் சிவப்புக் கூன்வண்டு புகுந்துவிட்டது. தண்டில் பழுப்பு நிறச் சாறு வடிந்ததை மழைக்கறை என்று எண்ணிவிட்டேன். கொண்டை சாய்ந்த பிறகே உண்மை தெரிந்தது. அந்த மரத்தை இழந்தது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

உண்மையில் ராயல் பாமும் பாக்ஸ்டெயிலும் முதிர்ந்த மட்டையைத் தாமே உதிர்த்துக்கொள்பவை. ராயல் பாம் மட்டை மிகவும் கனமானது என்பதால், கீழே கார் நிறுத்துமிடமோ நடைபாதையோ இருந்தால் மட்டும், அடி கழன்று தொங்கும் மட்டையை முன்கூட்டியே இறக்கிவிடுங்கள். கிடைமட்டத்துக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் எந்த ஓலையையும் தொட வேண்டாம். கீழ் ஓலைகள் காய்வதற்கு முன்பே மஞ்சள் புள்ளி விழுந்து வெளிறினால், அது பெரும்பாலும் சாம்பல் சத்து (பொட்டாசியம்) குறைவு. மரம் பழைய ஓலையிலிருந்து அந்தச் சத்தை உறிஞ்சிப் புதிய ஓலைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் மஞ்சள் ஓலையை வெட்டினால் அடுத்த அடுக்கும் மஞ்சளாகும். பொட்டாஷ் உரத்துடன் மெக்னீசியம் சல்பேட்டும் சேர்த்து இட்டுக் காத்திருப்பதே முறை. அரிக்கா பாம் தூர் கட்டி வளர்வதால், முதிர்ந்த தண்டுகளைத் தரையோடு அறுத்து அடர்த்தியைக் குறைக்கலாம்.

கூந்தற்பனை (பிஷ்டெயில் பாம்) இருந்தால் அதன் கணக்கே வேறு. அது உச்சியிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கி ஒவ்வொரு பாளையாகப் பூத்து, கடைசிப் பாளை காய்த்து முடிந்ததும் பட்டுப்போகும். உரமோ மருந்தோ அதைத் தடுக்காது. கீழ்ப் பாளைகள் பழுக்கத் தொடங்கும்போதே அகற்றும் ஏற்பாட்டைச் செய்துவிடுங்கள், ஏனெனில் பட்டுப்போன மரத்தில் ஏறுவது ஆபத்து. பழச்சாறு தோலில் பட்டால் கடுமையாக அரிக்கும். கையுறை இல்லாமல் குலையைத் தொடக்கூடாது.

அகற்றும்போது, அருகே மின்கம்பி சென்றால் மின்வாரியத்திடம் சொல்லி இணைப்பைத் துண்டித்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். வீடுகள் நெருங்கிய இடத்தில் மரத்தை அடியோடு சாய்க்காமல், முதலில் மட்டைகளையும் பிறகு உச்சியிலிருந்து தண்டைச் சிறு துண்டுகளாகவும் கயிறு கட்டி இறக்க வேண்டும். 30 செ.மீ. விட்டமும் 1 மீட்டர் நீளமும் கொண்ட ஒரு துண்டின் கனஅளவு ஏறத்தாழ 70 லிட்டர். உள்ளே நீர் நிறைந்திருப்பதால் அதன் எடையைக் குறைத்து மதிப்பிட்டே பலர் காயமடைகிறார்கள்.

ஒற்றைத் தண்டுப் பனையின் அடிக்கட்டை மீண்டும் துளிர்க்காது. வேர்களும் கயிறு போல மெல்லியவை, ஆலவேர் போலப் பருப்பவை அல்ல. ஆகையால் அஸ்திவாரத்துக்கு அஞ்சி அடிக்கட்டையைத் தோண்ட வேண்டியதில்லை. ஆனால் தென்னையில் தஞ்சாவூர் வாடல் நோய் என்று சொல்லப்படும் அடித்தண்டு அழுகலால் மரம் பட்டிருந்தால், கட்டையையும் வேர்களையும் முழுமையாகத் தோண்டி எடுத்துவிட வேண்டும். அதே குழியில் மறுபடியும் பனை வகை எதையும் நடக்கூடாது. வெட்டிய துண்டுகளை மதிலோரம் அடுக்கி வைக்காதீர்கள். மட்கும் தண்டில்தான், பனைகளின் குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டு முட்டையிடுகிறது.

நீங்கள் அகற்ற நினைப்பது நாட்டுப் பனைமரமாக இருந்தால், தமிழ்நாட்டில் அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்திருக்கிறது. அரிவாளை எடுப்பதற்கு முன் அந்த விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.